நரி இல்லாத நாடு

ஹென்டர்சன், ஒக்லாந்து
12.11.1995

அன்பின் சாந்தாவுக்கு,

நான் சுகம். மழை விடாமல் பெய்வதால் தொண்டை மட்டும் கரகரக்கிறது. உம்முடைய கால் வீக்கம் வற்றியதா, ராகவி சாப்பிடுகிறாளா என்று ஒளிக்காமல் எழுதும்.

இந்தமுறை எழுத ஒரு விசயம் இருக்கிறது. நாங்கள் கப்பலில் வரும் கொன்டெய்னர்களைத் திறந்து சாமான் இறக்குகிறவர்கள் என்று உமக்குத் தெரியும். வியாழக்கிழமை அவுஸ்திரேலியாவின் மெல்பேணிலிருந்து வந்த ஒன்றில் பழைய உழவு இயந்திரச் சாமான்கள். உள்ளே நான் மட்டும்தான் நின்றேன். ஒரு பெரிய சக்கர ரயருக்குள் வைக்கோலும் சாக்கும் கிடந்தன. அதற்குள் மூன்று குட்டிகள். இரண்டு செத்து விறைத்துப் போயிருந்தன. மூன்றாவது என்னைப் பார்த்தது. கத்தவில்லை.

இங்கே சட்டம் கடுமை. உயிருள்ள சிலந்தியைக் கண்டாலும் கதவைச் சாத்திவிட்டு விவசாய இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும். வந்து கொன்று எரித்துவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே இதைத்தான் சொல்லித் தந்தார்கள். எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் செத்ததுகளைச் சாக்கோடு சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, உயிரோடு இருந்ததைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து இழுத்து மூடிவிட்டேன். ஏன் என்று கேட்காதேயும்.

என்னோடு வீட்டைப் பங்கிட்டிருக்கும் ரவிசங்கர் பார்த்துவிட்டுப் பின்வாங்கினான். கோயம்புத்தூர்ப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை.

“நாய்க்குட்டின்னு தூக்கிட்டு வந்தீங்களா? மூஞ்சியப் பாருங்கண்ணே. இது நரி!”

எங்கள் ஊர் நரி மண் நிறம். இது செம்பை விளக்கி வைத்ததுபோல் இருக்கிறது, வால் நுனி வெள்ளை. விரலைப் பாலில் தோய்த்துக் கொடுத்தேன். கடித்துவிட்டது. அவுஸ்திரேலியாவில் விசர்நாய்க்கடி நோய் இல்லையாம், பயப்படாதேயும். இப்போது கொத்தின இறைச்சி சாப்பிடுகிறது. கராஜில் என்னுடைய பழைய ஸ்வெற்றருக்குள் படுக்கிறது. நரி முகத்தில் முழித்தால் நல்லது என்பார்களே, நான் தினமும் அதில்தான் முழிக்கிறேன்.

இதை ராகவிக்கு வாசித்துக் காட்டும். எங்கள் சின்னவன் ஷெல் விழுந்து செத்துப்போன நாளிலிருந்து வாய் திறக்காத பிள்ளைதான், ஆனால் காது கேட்கும்தானே. வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம். ஒளித்துத்தான் வைத்திருக்கிறேன்.

உங்கள் இருவர் நினைவோடும்,
ஜெயரட்ணம்


வெள்ளவத்தை, கொழும்பு
4.12.1995

அன்பின் ராகவி அப்பாவுக்கு,

இரண்டு பேரும் சுகமாக இருக்கிறோம். என் கால் பரவாயில்லை. தொண்டைக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கோ, அங்கே கிடைக்குமென்றால்.

கடிதத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நரி வளர்க்கிற வீட்டை எங்கே கண்டீர்கள்? அகதி என்று ஏற்றுக்கொண்ட நாடு. எங்களைக் கூப்பிட எழுதிப் போட்டிருக்கிறீர்கள். அதற்குள் சட்டத்தை மீறிக்கொண்டு! கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கோ என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன்.

ஆனால் ஒன்று நடந்தது. இந்த அறையில் எங்களோடு இருக்கும் இராசமலர் அக்கா கடைக்குப் போயிருந்தா. நான் கடிதத்தை ராகவிக்கு வாசித்துக் காட்டினேன். முடித்து மடிக்கும்போது, “அது என்ன சாப்பிடும்?” என்றாள். குரல் கரகரத்துத்தான் வந்தது. நான் திரும்ப வாசித்தேன். “செம்பி எண்டு பேர் வைக்கச் சொல்லுங்கோ அப்பாட்டை” என்றாள்.

நான் என்ன செய்ய? வைத்திருங்கோ. நாங்கள் வரும்வரைக்கும் வைத்திருங்கோ.

இன்னொன்று. உங்கள் போன கடிதங்கள் எல்லாம் நாலு வரிதான். ஓகஸ்டில், இனி உயிரோடு இருந்து என்ன என்று நீங்கள் எழுதின வசனத்தை நான் ஒருவருக்கும் காட்டவில்லை, கிழித்துவிட்டேன். அப்படி இனி எழுதக்கூடாது. இந்தக் கடிதம் இரண்டு பக்கமும் நிரம்பி வந்தது. இப்படியே எழுதுங்கோ.

உங்கள்
சாந்தகுமாரி


ஹென்டர்சன்
7.1.1996

அன்பின் சாந்தாவுக்கு,

புதுவருட வாழ்த்துகள். இங்கு நல்ல வெயில், என் தொண்டை சுகம். உங்கள் இருவருடைய சுகத்தையும் விரும்புகிறேன்.

உம்முடைய கடிதத்தைப் பஸ்ஸில் வைத்து வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு லின்ஃபீல்ட் வரைக்கும் போய்விட்டேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சி தந்தா. கதைத்தாளா? உண்மையாகவா?

ராகவிக்குச் சொல்லும், செம்பி இப்போது பூனை அளவு. நாயைப்போல என்று நினைக்கக்கூடாது. கோழிக் கழுத்து கொடுத்தால் பாதியைத் தின்றுவிட்டு மீதியைப் புதைத்து வைக்கும். என் சப்பாத்துக்குள்ளும் ஒன்று புதைத்தது. யாரும் தொட முடியாது, ரவியைக் கண்டால் அலுமாரிக்குப் பின்னால் போய்விடும். நான் “செம்பி” என்று கூப்பிட்டால் மட்டும் வயிறு நிலத்தில் தேய, வாலை ஆட்டிக்கொண்டு வரும். நாற்றம் பொல்லாதது. தினமும் கழுவுகிறேன். கராஜ் சுவர் ஓரமாக மண்ணுக்குள் கம்பி வலை போட்டிருக்கிறேன், தோண்டுவதில் அத்தனை கெட்டிக்காரி.

ரவி பயந்த பிள்ளை. “அண்ணே, இந்த நாட்டுல நரியே கிடையாது. பறக்கத் தெரியாத பறவைங்க வாழுற ஊரு. இது வெளிய போச்சுன்னா ஒண்ணு மிஞ்சாது. பிடிச்சாங்கன்னா உங்க குடும்பத்துக்கு விசா கிடைக்குமா?” என்றான். என் பிள்ளை கதைக்கிறாள் என்பதை அவனுக்கு எப்படி விளங்கப்படுத்த?

வருகிற மாதம் முதல் ஞாயிறு உங்கள் சந்திக் கடைக்கு ரெலிபோன் எடுக்கிறேன். ராகவியைக் கொண்டுவாரும். ஒரு சொல் கேட்டால் போதும்.

அன்புடன்,
ஜெயரட்ணம்


வெள்ளவத்தை
11.2.1996

அன்பின் ராகவி அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். குண்டு வெடித்ததைப் பற்றி நீங்கள் அங்கே ரிவியில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் இருக்கும் பக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆமியும் பொலிசும் வீடு வீடாகச் சோதிக்கிறார்கள். அடையாள அட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறோம்.

ரெலிபோனில் அவள் கதைக்கவில்லை என்று மனம் உடைந்து போகாதேங்கோ. கடை முழுக்க ஆட்கள். வெட்கப்பட்டுவிட்டாள். அறைக்கு வந்தபிறகுதான் வாய் திறந்தாள். “அப்பான்ர மூச்சு கேட்டது” என்றாள். செம்பிக்குக் குளிருமா, இடி இடித்தால் பயப்படுமா, அது கனவு காணுமா என்று ஒரே கேள்வி. நான் எங்கே போவேன் பதிலுக்கு? நீங்கள்தான் எழுத வேண்டும். நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக நித்திரை கொண்டு, நிறைய எழுதுங்கோ.

இனி ரெலிபோனுக்குக் காசைக் கரைக்க வேண்டாம். கடிதம் போதும்.

உங்கள்
சாந்தகுமாரி


ஹென்டர்சன்
19.5.1996

அன்பின் சாந்தாவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். உங்கள் விண்ணப்பம் நல்லபடி நகர்கிறது, மாரி முடிவதற்குள் மெடிக்கலுக்குக் கூப்பிடுவார்கள் என்று சொல்கிறார்கள். உம்முடைய கால் வீக்கத்தை அதற்கு முதல் ஒரு நல்ல டொக்டரிடம் காட்டும்.

செம்பி வளர்ந்துவிட்டாள். பகலில் உறக்கம், பொழுதுபட்டால் கராஜுக்குள் வட்டம் வட்டமாக ஓடுகிறாள். இந்தக் கிழமை தொடக்கம் ஒரு கத்தல் கத்துகிறாள். பெண்பிள்ளை ஒன்றை யாரோ வெட்டுவதுபோல இருக்கும். துணைக்குக் கூப்பிடுகிறாளாம். இந்த நாடு முழுக்கத் தேடினாலும் ஒரு துணை இல்லை, அது அவளுக்குத் தெரியாது. பின்வீட்டு யூகோஸ்லாவியாக் கிழவி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, என்ன சத்தம் என்று கேட்டா. ரிவி என்றேன். அவ கோழி வளர்க்கிறவ.

ரவி போய்விட்டான். “எனக்கு இன்னும் ரெசிடென்ஸ் வரலண்ணே. மாட்டிக்கிட்டா நானும் சேர்ந்து போயிருவேன். மன்னிச்சிருங்க” என்று கைகூப்பினான். பாட்டனி டவுன்ஸ் பக்கம் அறை எடுத்திருக்கிறான். வீடு பெரிதாகத் தெரிகிறது.

ராகவிக்குச் சொல்லும்: செம்பி கனவு காண்கிறாள். உறக்கத்தில் நாலு காலும் ஓடும்.

அன்புடன்,
ஜெயரட்ணம்


வெள்ளவத்தை
8.7.1996

அன்பின் ராகவி அப்பாவுக்கு,

இங்கே சுகம். உங்களிடமிருந்து கடிதம் வந்து எத்தனை நாள்? தபால்காரன் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஓகஸ்டில் நீங்கள் எழுதின அந்த வசனம்தான் நினைவுக்கு வருகிறது. உடம்புக்கு என்ன? வேலைக்குப் போகிறீர்களா?

ராகவியும் கேட்டபடி. “அப்பா ஏன் எழுதேல்லை? செம்பிக்கு ஏதும் வருத்தமோ?” என்கிறாள். அவளுக்காகவென்றாலும் நாலு வரி எழுதிப் போடுங்கோ.

உங்கள்
சாந்தகுமாரி


ஹென்டர்சன்
4.8.1996

அன்பின் சாந்தாவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். ரயில் குண்டைப் பற்றிக் கேள்விப்பட்டேன், நீங்கள் இருவரும் பத்திரம் என்று உடனே எழுதும். இதைத் தனியாக வாசியும். ராகவிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

ஜூன் கடைசியில் பெருமழை. நான் வேலையில் இருந்தபோது கராஜ் மூலை மண் கரைந்து வலை வெளியே தெரிந்திருக்கிறது. வந்து பார்த்தபோது ஓட்டைதான் இருந்தது. ஓடைக்கரை முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தேன். அடுத்த நாள் கிழவியின் கோழிகள் எல்லாம் செத்துக் கிடந்தன. தின்றது ஒன்றுதான், மற்றதெல்லாம் கழுத்தில் ஒரு கடி. கிழவி ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு நின்றா.

எங்கள் பக்கத்து வீட்டில் சியோனே என்று ஒரு சமோவாக்காரர் இருக்கிறார். அவரிடம் ஒரு கறுப்பு நாய். முன்பும் ஒருமுறை கிழவியின் வேலிக்குள் புகுந்த நாய். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். நாய் பிடிக்கிற ஆள் வானோடு வந்தார். சியோனே சத்தம் போட்டார், “இரவு முழுக்க என் படுக்கையடியில் கிடந்தது!” என்று கெஞ்சினார். நான் என் கராஜ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ராகவியின் குரலை நினைத்தேன். செம்பி போனால் அவள் குரலும் போய்விடும் என்று நினைத்தேன். உங்கள் விசாவையும் நினைத்தேன். நாயைக் கொண்டுபோய் ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்கள்.

பிறகு ஓடைக்கரையில் நீலப் பறவைகள் செத்துக் கிடந்தன. நானே பொறுக்கிப் புதைத்தேன். நீண்ட நாள் அப்படிப் புதைத்தேன் சாந்தா. செம்பி மலைக்காட்டுக்குள் போய்விட்டால் பிறகு பிடிக்கவே முடியாது என்று தெரிந்தபிறகுதான் விவசாய இலாகாவுக்குப் போனேன். நம்பவில்லை. கராஜில் நான் எடுத்த செம்பியின் படத்தைக் காட்டினேன். அந்த மேசையில் இருந்தவரின் முகம் வெளுத்துவிட்டது.

பொறி வைத்தார்கள், நாய்களைக் கொண்டுவந்தார்கள். ஒன்றிலும் அகப்படவில்லை. கடைசியில் மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண் அதிகாரி என்னிடம் வந்து, “நீ கூப்பிட்டால் வருமா?” என்று கேட்டா. வரும் என்றேன்.

ஓடைக்கரையில் தனியாக இருந்து “செம்பி” என்றேன். புல்லுக்குள்ளிருந்து வந்தாள். மெலிந்து, ஒரு காலை நொண்டியபடி. வயிறு நிலத்தில் தேய, வாலை ஆட்டிக்கொண்டு. மடியில் ஏற்றிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். சுட வேண்டாம் என்று கேட்டிருந்தேன். ஊசி போடும்போது என் கையைக் கடிக்கவில்லை.

என் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். உங்கள் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். எத்தனை காலம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ராகவியிடம் செம்பி இருக்கிறாள் என்றே சொல்லும். கேட்டால் ஏதாவது சொல்லும். அவள் கதைப்பதை நிறுத்தக்கூடாது.

ஜெயரட்ணம்


வெள்ளவத்தை
9.8.1996

அன்புள்ள தம்பி ஜெயரட்ணத்துக்கு,

என்னை உமக்கு முகம் தெரியாது. சாந்தாவோடு ஒரே அறையில் இருக்கும் இராசமலர் எழுதுகிறேன். நீர் சுகமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாசியும்.

போன கிழமை சுற்றிவளைப்பில் எங்கள் அறையைச் சோதித்தார்கள். பெட்டிக்குள் உம்முடைய கடிதங்கள் இருந்தன. தமிழ் தெரிந்த ஒருத்தன் வாசித்தான். “ஆர் இந்தச் செம்பி? கொன்டெய்னருக்குள்ளை ஆரைக் கடத்தினவர்? ஏன் ஒளிச்சு வைச்சிருக்கிறார்?” என்று கேட்டான். “அது நரி ஐயா” என்று சாந்தா சொன்னா. கன்னத்தில் அறைந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இயக்கத்துப் பெயர் என்று நினைக்கிறார்கள். ஒரு லோயரைப் பிடித்திருக்கிறேன். செம்பி நரிதான் என்பதற்கு அந்த நாட்டிலிருந்து ஏதாவது அத்தாட்சி இருந்தால் உடனே அனுப்பட்டுமாம்.

ராகவியைப் பற்றிக் கவலைப்படாதேயும். என்னோடுதான் படுக்கிறாள். கதைக்கத் தெரியாத பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறேன் என்றுதான் சாந்தா கடைசியாக அழுதா. ஒன்றரை வருடமாக இந்த அறையில் இருக்கிறாள், ஒரு நாளாவது ஒரு சொல் இந்தப் பிள்ளையின் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. டொக்டரும் பார்த்துக் கைவிட்டுவிட்டார். உமக்கு எல்லாம் தெரிந்ததுதானே. ஆனால் சோறு ஊட்டினால் சாப்பிடுகிறாள்.

இப்படிக்கு,
இராசமலர்


ஹென்டர்சன்
19.8.1996

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நீங்கள் செய்யும் உதவிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கோ.

நரியைக் கொன்றதற்கு விவசாய இலாகா தந்த கடிதம், கோர்ட்டில் என் மேல் போட்ட வழக்கின் பிரதி, அவர்கள் எடுத்த படம், எல்லாவற்றையும் ஒரு லோயர் கையெழுத்தோடு அனுப்புகிறேன். வழக்குக்குப் பயந்துதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது இதுதான் சாந்தாவுக்குத் துணை.

ஒரு உதவி. ராகவி கதைப்பதில்லை என்று நீங்கள் எனக்கு எழுதியதைச் சாந்தாவிடம் சொல்ல வேண்டாம். அவ வெளியே வந்தபிறகும் சொல்ல வேண்டாம்.

ஜெயரட்ணம்


வெள்ளவத்தை
2.10.1996

அன்பின் ராகவி அப்பாவுக்கு,

வந்துவிட்டேன். நடக்கிறேன், சாப்பிடுகிறேன். உங்கள் சுகத்தை எழுதுங்கோ.

அங்கே நடந்ததை எழுத மாட்டேன், நீங்களும் கேட்காதேங்கோ. செம்பி ஆர் என்று கேட்டார்கள், நரி என்றேன். சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. உங்கள் கடதாசிகள் வந்தபிறகும் கொஞ்ச நாள் வைத்திருந்துதான் விட்டார்கள்.

ராகவி என் மடியில் படுத்திருக்கிறாள். வாசலில் என்னைக் கண்டதும் ஓடிவந்து சேலையைப் பிடித்தவள் இன்னும் விடவில்லை. ஒன்றும் சொல்லவில்லை.

நான் உள்ளே இருந்தபோது வந்த உங்கள் கடிதத்தை நேற்றுத்தான் வாசித்தேன். விசாவைப் பற்றி எனக்கு இப்போது கவலை இல்லை, வருகிற நேரம் வரட்டும். அந்த நாயைப் பற்றித்தான் யோசிக்கிறேன். செய்யாத ஒன்றுக்கு, சொல்ல வாய் இல்லாமல், பிடிபட்டுக் கிடப்பது எப்படி என்று இப்போது எனக்குத் தெரியும். அந்த மனிசனிடம் போனீர்களா? போகாவிட்டால் போங்கோ.

சாந்தகுமாரி


ஹென்டர்சன்
20.10.1996

அன்பின் சாந்தாவுக்கு,

உம்முடைய எழுத்தைக் கண்டபிறகுதான் மூச்சு வந்தது. நான் சுகம். வேலை போய்விட்டது, இப்போது டெய்ரி என்று இங்கே சொல்லும் ஒரு சின்னப் பலசரக்குக் கடையில் பின்னேரம் நிற்கிறேன். கோர்ட்டில் குற்றப்பணம் விதித்தார்கள், மாதம் மாதம் கட்ட வேண்டும். நீர் எழுதும்வரை அவரிடம் போகவில்லை. ரோட்டில் கண்டால் மற்றப் பக்கம் மாறி நடந்தேன். உம்முடைய கடிதம் கிடைத்த அன்றே போனேன்.

சியோனே கதவைத் திறந்தார். முழுதையும் சொன்னேன். முடிந்ததும், “எல்லாம் பேப்பரில் பார்த்தேன். வருவாய் என்று இருந்தேன், நீ வரவில்லை” என்றார். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். கதவில் ஒரு கையை வைத்தார். பிறகு, “என் நாயின் பெயர் உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

ஒரு வருடமாக வேலிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெயரைத்தான் கூப்பிட்டார்கள் சாந்தா. எனக்கு வரவில்லை. தெரியாது என்றேன். அவர் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டார்.

கிழவியிடமும் போக வேண்டும். நாளைக்குப் போகிறேன்.

காலுக்கு மருந்து போடும். நீரும் பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கோ. செம்பி செத்துவிட்டாள் என்று ராகவியிடம் உள்ளதைச் சொல்லும், நான்தான் பிடித்துக்கொண்டேன் என்றும் சொல்லும். நான் கிழமைக்கு ஒரு கடிதம் எழுதுவேன், அவளுக்கு வாசித்துக் காட்டும். அவள் எனக்குப் பதில் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

ஜெயரட்ணம்